கூடையோடு சேர்த்துப் பத்துக் கிலோ

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் என் கடைக்கு வந்து தராசில் ஏறி நின்று பார்த்துவிட்டுப் போகட்டும். கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், இழுத்து மூடிய ஒரு நூற்பாலையின் பின்மதிலை ஒட்டிப் பதினொரு லைன் வீடுகள் இருக்கின்றன, பதினொரு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய், அந்தக் குழாய்க்கு எதிரில் என்னுடைய பழைய பேப்பர், பழைய இரும்புக் கடை. நாளைக்கு முப்பது தடவை எங்கள் தலைக்கு மேல் விமானம் போகும், போகும்போதெல்லாம் ஓட்டு வீடுகள் ஒரு குலுங்கு குலுங்கி நிற்கும், ஆனாலும் லைனில் ஒருவரும் விமானத்தில் ஏறியதில்லை. முதலில் ஏறப்போனவள் நாலாம் நம்பர் வீட்டு நர்ஸ் கோகிலவாணி. கூடவே ஏறப்போனது அவளுடைய நாய் பட்டாணி.

பட்டாணி எப்படி வந்தது என்றால், கோகிலாவின் அம்மா செத்த பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த கூட்டத்தோடு கூட்டமாக வந்தது. கூட்டம் இலையில் உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு, அடிக்கடி வருகிறோம் கண்ணு என்று சொல்லிவிட்டுப் போனது, அதற்குப் பிறகு ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. நாய் மட்டும் போகவே இல்லை. அப்பன் இல்லாத, அண்ணன் தம்பி இல்லாத இருபத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு, டூட்டி முடிந்து லைன் முனையில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடி வர இந்த உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது. இதைப் பரிதாபமாகச் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

பரீட்சை எழுதியிருந்தாள், பாஸாகியிருந்தாள், ஜோத்பூரில் ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் பதினைந்து நாளில் வந்து சேரச் சொல்லி ஆர்டர் வந்தது. ரயிலில் நாயைக் கூட்டிப்போக முதல் வகுப்பில் முழு அறை கிடைக்க வேண்டுமாம், கிடைக்கவில்லை. விமானக் கம்பெனிக்குப் போன் போட்டாள். வெறிநாய்க்கடி ஊசி போட்ட புத்தகம் வேண்டும், பயணம் செய்யத் தகுதி என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் எழுதிய சர்டிபிகேட் வேண்டும், சீட்டுக்கு அடியில் நுழைகிற மாதிரித் துணிக் கூடை வேண்டும், எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், கூடையோடு சேர்த்துப் பத்துக் கிலோவுக்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் ஏற்ற மாட்டோம், சரக்கறையில் விலங்கு ஏற்றுகிற வழக்கமும் எங்களிடம் இல்லை என்றார்கள்.

கூடை ஒரு கிலோ. என் தராசில் நிறுத்தபோது பட்டாணி பன்னிரண்டு கிலோ முந்நூறு.

"மூணு கிலோ முந்நூறு கொறைக்கோணும்ங்ணா," என்றாள் கோகிலா. "இல்லீன்னா நான் போகலீங்க. வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"பைத்தியமாட்டம் பேசாத கண்ணு," என்றேன். "சோத்தக் கொறைச்சாப் போச்சு."

சோற்றைக் குறைத்தாள். காலையில் ஒரு முட்டை, மாலையில் ஒரு கைப்பிடி, மதிலைச் சுற்றி ஆறு சுற்று ஓட்டம். ஐந்து நாள் போயும் முள் அசையவில்லை. ஆறாம் நாள் தராசில் நிற்கும்போது ரோட்டில் ஒரு இரும்பு வண்டி கடகடவென்று போனது, பட்டாணி ஓங்கிக் குரைத்தது, குரைத்த அந்த நொடியில் முள் நானூறு கிராம் கீழே இறங்கியது, குரைப்பு முடிந்ததும் பழையபடி ஏறிக்கொண்டது. நான் இருபத்திரண்டு வருடமாகத் தராசு பிடிக்கிறவன், எந்த முள் எதற்கு அசைகிறது என்று எனக்குத் தெரியும். மறுபடி ஒரு வண்டி வரும்வரை காத்திருந்து, அது குரைத்து முடிப்பதற்குள், வெளியே வந்த குரைப்பு உள்ளே திரும்புவதற்குள், இரண்டு கையாலும் அதன் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டேன். முள் இறங்கிய இடத்திலேயே நின்றது. குரைப்பு கடைக்குள் பழைய தகர டின்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் முட்டி மோதிக்கொண்டு கிடந்தது.

லைனில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. மூன்று தடவை கேஸ் சிலிண்டர் களவு கொடுத்திருந்த ஏழாம் நம்பர் சரசாத்தா, கையோடு ஒரு எவர்சில்வர் தூக்குப்போசியைக் கொண்டுவந்து, "அது இங்க சும்மாதான கெடக்குது, நான் கொண்டுபோயிக்கறேனுங்" என்று குரைப்பைப் போசிக்குள் தள்ளி மூடி எடுத்துப் போனாள். கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். ஆள் நடமாட்டம் கேட்டால் மூடியைக் கொஞ்சம் நகர்த்துவாள். பட்டாணி அன்றிலிருந்து வாயைத் திறந்தது, மூடியது, சத்தம் வரவில்லை.

கோகிலா அன்று அழுதாள். ஊர் விட்டு ஊர் போகிற பெண் அழுவது சகஜம் என்று விட்டுவிட்டோம்.

வழி தெரிந்த பிறகு மீதி சுலபமாக இருந்தது. நிழலை எடுக்கலாம் என்று சொன்னது கீரைக்காரி பொன்னாயாதான். உச்சி வேளையில் எடுத்தால் நூறு கிராம்கூடத் தேறாது, சாயங்காலம் நிழல் நீளமாக விழும்போது எடுக்க வேண்டும் என்பது என் யோசனை. ஐந்தரை மணி வெயிலில் நாயைக் கடை வாசலில் நிறுத்தி, நிழல் கடைக்குள் முழுசாக விழுந்ததும் ஷட்டரைச் சடாரென்று இறக்கினேன். தொள்ளாயிரம் கிராம். பொன்னாயா அதைத் தண்ணீர் தெளித்துக் கீரைக் கூடைமேல் போர்த்திக்கொண்டாள், அந்த வருட வெயிலில் சாயங்காலம்வரை வாடாத கீரை விற்றவள் அவள் ஒருத்திதான். பட்டாணி தன் காலடியைக் குனிந்து பார்த்தது, சுற்றிச் சுற்றித் தேடியது, கிடைக்காமல் கோகிலாவின் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டது.

தூக்கத்தை வாங்கிக்கொண்டவர் ஒன்பதாம் நம்பர் ரங்கண கவுண்டர். முப்பது வருடம் நைட் ஷிப்டில் கிடந்து தூக்கம் கெட்டுப்போன மனுசன். மத்தியானம் சொக்கிச் சொக்கி நாய் கண்ணை மூடியதும், பக்கத்தில் படுத்து அதன் மூச்சோடு மூச்சு வாங்கி உறிஞ்சிக்கொண்டார். ஒரு கிலோ போனது. அவர் இப்போதெல்லாம் பாயை மூன்று சுற்றுச் சுற்றி வந்துதான் படுக்கிறார், படுத்தால் இடி விழுந்தாலும் எழுவதில்லை. வாலாட்டலைக் கேட்டு வந்தவர் வட்டச் செயலாளர் பதவிக்கு ஆறு வருடமாக அலைந்துகொண்டிருந்த வெங்கிடுபதி, அது இருநூற்றைம்பது கிராம்தான், ஆனால் மூன்றே வாரத்தில் பதவி கிடைத்துவிட்டது. மோப்பத்தை மெஸ் நடத்தும் கமலவேணி எடுத்துக்கொண்டாள், சாம்பார் புளிப்பதை முதல்நாளே கண்டுபிடிக்கலாம் என்று ஆசைப்பட்டாள், கண்டுபிடிக்கவும் செய்தாள், கூடவே புருஷன் சட்டையில் வேறொரு வீட்டுச் சோப்பையும் கண்டுபிடித்தாள். மெஸ் நன்றாக நடக்கிறது. புருஷன் இப்போது அந்த வேறொரு வீட்டில் இருக்கிறான்.

கடைசி நானூற்றைம்பது கிராம் கோபம். அதை எடுத்துக்கொண்டவன் நான். பேப்பருக்கு நடுவில் கல்லை வைத்துக் கட்டிக்கொண்டு வருகிறவனிடம்கூட, சரிங்க, பரவாயில்லீங்க என்று பல்லைக் காட்டியே இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். தட்டில் நின்ற பட்டாணியின் முன்னால் ஒரு எலும்பைக் காட்டிக் காட்டிப் பிடுங்கினேன், ஏழாவது தடவை அதற்கு வந்த கோபத்தை அப்படியே நெஞ்சில் வாங்கிக்கொண்டேன். இந்தக் கதையில் எங்காவது நான் சுள்ளென்று பேசினால் அது அந்த நாயுடையது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வியாபாரம் நன்றாக இருக்கிறது, கல் வைத்துக் கட்டிக்கொண்டு ஒருத்தனும் வருவதில்லை.

கூடையோடு சேர்த்துப் பத்துக் கிலோ. முள் நடுக்கோட்டில் நின்றது. அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் ருசி கண்டுவிட்டால் சனம் விடுமா? மறுநாள் காலையில் நாலாம் நம்பர் வாசலில் வரிசை நின்றது. பக்கத்து லைனிலிருந்தும் வந்திருந்தார்கள். நாயிடம் இன்னும் என்ன இருக்கிறது, காது இருக்கிறதா, ஓட்டம் இருக்கிறதா, எங்கள் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறான், அதற்கு ஆகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒருத்தர் அளவு நாடாவோடு வந்திருந்தார்.

கோகிலா நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "ஒண்ணே ஒண்ணுதானுங்க மிச்சம். அதுக்கு என்னை அடையாளம் தெரியும். வேற எதுவும் அதுகிட்ட இல்ல. அதை மட்டும் நான் யாருக்கும் தர மாட்டேன், என்னைய வெட்டிப் போட்டாலும் தர மாட்டேன்."

"அதை வெச்சுட்டு எங்களுக்கு என்ன ஆகப்போகுது?" என்று பொன்னாயா சொன்னாள். அது நியாயமாக இருந்ததால் கூட்டம் கலைந்தது.

உண்மையும் அதுதான். குரைக்காமல், தூங்காமல், எதையும் மோந்து பார்க்காமல், நிழல்கூட இல்லாமல் ஒரு சாக்குப் போல அது நாள் முழுக்கக் கிடக்கும். சாயங்காலம் முனையில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து நிற்கும், போய் அவள் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். பார்க்கிற எனக்கே, நாயின் கோபத்தை நெஞ்சில் வைத்திருக்கிற எனக்கே, அந்த நேரத்தில் எங்காவது போய்விடலாம் போல இருக்கும்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் நாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், டார்ச் அடித்தார், காலை மிதித்தார். "கொரைக்கல, கடிக்கல, பயந்து நடுங்கல. பிளைட்ல போறதுக்கு இத விடத் தோதான நாய நான் பாத்ததே இல்லம்மா," என்று சொல்லிச் சீல் குத்திக் கொடுத்தார்.

புறப்படுகிற நாள் காலையில்தான் எங்கள் தப்பு நடந்தது. தப்பு என்று இப்போது சொல்கிறோம், அன்றைக்கு அது முறை. லைனை விட்டு யார் தூரதேசம் போனாலும் பதினொரு வீட்டிலும் ஒவ்வொரு வாய் ஊட்டித்தான் அனுப்புவோம், மில் இருந்த காலத்திலிருந்து அப்படித்தான், வெறும் வயிற்றோடு போனவன் திரும்பி வரமாட்டான் என்று ஒரு பயம். கோகிலாவுக்கு ஊட்டி முடித்தோம். வீட்டுச் சாவியைக் கொடுக்க அவள் வீட்டின் சொந்தக்காரரிடம் போயிருந்த நேரத்தில் சரசாத்தா, "அதுவுமில்ல ஊர உட்டுப் போகுது, பாவம்" என்றாள். அவ்வளவுதான். தயிர்சோறு, ஒப்புட்டு, முந்தின நாள் கறிக்குழம்பு, கச்சாயம். எதிலிருந்தும் விலக அதற்கு மோப்பம் இல்லை, போதும் என்று தலையைத் திருப்பக் கோபம் இல்லை, கொடுத்தது அத்தனையையும் விழுங்கிக்கொண்டே இருந்தது. அதன் கழுத்தில் இரண்டு முழம் மல்லிகையைச் சுற்றினோம், நெற்றியில் திருநீறு இட்டோம், கூடைக்குள் புதுத் துண்டு ஒன்றை மடித்து வைத்தோம். கோகிலா திரும்பி வந்து கூடையைத் தூக்கியதும் முகம் மாறியது.

"கனமா இருக்குதுங்ணா. ஒருக்கா தராசுல வெச்சுப் பாத்தர்லாமா?"

"வாசப்படி தாண்டுன காலு," என்று பொன்னாயா குறுக்கே நின்றாள். "திரும்பக் கூடாது. நேத்துத்தான நிறுத்தீங்கொ? ராவோட ராவா நாயி வளந்துருமா?"

நான் வாயைத் திறந்திருக்கலாம். தராசு என்னுடையது. திறக்கவில்லை, பூசை போட்டு வண்டி தயாராக நின்றது.

டிக்கெட் இல்லாதவன் உள்ளே போக முடியாது. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். பேச்சு எனக்குக் கேட்கவில்லை, பேசியதெல்லாம் உள்ளே தள்ளுவண்டி தள்ளுகிற மயில்சாமி பிற்பாடு சொன்னது. கௌண்டரில் கூடையை வைத்தார்கள். பத்துக் கிலோ எழுநூறு.

"மேடம், எழுநூறு கிராம் அதிகமா இருக்கு," என்றாள் கௌண்டர் பெண். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ரொம்பத் தன்மையாகச் சொன்னாளாம். "யார்கிட்டயாவது கொடுத்து அனுப்பிட்டு நீங்க மட்டும் போறீங்களா? இன்னும் பத்து நிமிஷத்துல க்ளோஸ் பண்ணிருவோம்."

கோகிலா மல்லிகையை அறுத்தாள். துண்டை உருவினாள். திருநீற்றைக்கூடத் துடைத்தாள். பத்துக் கிலோ முந்நூறு. அதற்குமேல் எடுக்க ஒன்றுதான் இருந்தது.

வெளியே கண்ணாடியில் ஒட்டி நின்ற என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் கையைக் காலை ஆட்டவில்லை, வேண்டாம் என்றோ வா என்றோ காட்டவில்லை. நாயைக் கூடையில் வைத்துவிட்டு அவள் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகவேகமாக நடந்தாள். முப்பது அடி நடந்திருப்பாள். அவள் போவதைப் பார்த்ததும் பட்டாணிக்குள்ளிருந்து அவளைத் தெரிந்த அந்த ஒன்று வெளியே எகிறிக் குதித்து, பளிங்குத் தரையில் சறுக்கிக்கொண்டு ஓடிப்போய் அவள் முழங்காலைத் தொட்டது. தொட்டதும் அவள் திரும்பி ஓடிவந்து, அது திரும்புவதற்குள் கூடையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டாள்.

ஆறு கிலோ நூறு.

அந்த ஒன்று மட்டுமே நாலு கிலோவுக்கு மேல் இருந்திருக்கிறது. அதை முதலிலேயே எடுத்திருந்தால் குரைப்பு, நிழல், தூக்கம், வாலாட்டல் எதையும் தொட்டிருக்கவே வேண்டாம், முழு நாயாகவே போயிருக்கலாம். "இன்னும் கிட்டத்தட்ட நாலு கிலோ எடம் இருக்கு மேடம், ஏதாவது வெக்கறீங்களா?" என்று கௌண்டர் பெண் கேட்டாளாம்.

அது கோகிலாவின் காலை விடவில்லை. நகர்ந்தால் கூடவே நகர்ந்தது. "அதையும் கூட்டிட்டுப் போனா அதுக்கும் வெயிட் போடணும்," என்றார்கள். தரையில் விட்டுப்போக அவளுக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் வண்டி தள்ளிக்கொண்டிருந்த, ஐம்பத்திரண்டு வயது, பெண்டாட்டியும் கட்டிக்கொடுத்த இரண்டு மகள்களும் உள்ள, அவளை அதற்குமுன் பார்த்தே இராத மயில்சாமியைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, சித்த இதப் புடிங்களேன். ஒரு நிமிசம்."

என்ன ஏது என்று கேட்காமல் அந்த மனுசன் இரண்டு கையையும் நீட்டி வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் சோதனைக்குப் போகும் கதவுக்குள் போய்விட்டாள். தெரிந்துதான் செய்தாள். அவளுக்காக நான் எவ்வளவோ வருத்தப்பட்டிருக்கிறேன், ஆனால் அதைத் தெரிந்துதான் செய்தாள்.

மயில்சாமி மூன்று நாள் விமான நிலையத்துக் கதவிலேயே நின்றார். வேலை போனது. நாலாம் நாள் எப்படியோ வழி கண்டுபிடித்து எங்கள் லைனுக்கு வந்து, நாலாம் நம்பர் பூட்டின வீட்டு வாசலில் உட்கார்ந்தார். சாயங்காலமானால் எழுந்து முனைக்குப் போய் நிற்பார், இருட்டியதும் திரும்பி வந்து உட்காருவார். லைன் அதையும் பழகிக்கொண்டது. குழாய்த் தண்ணீருக்கு வருகிறவர்கள் அவர் கால்மேல் குடம் படாமல் சுற்றிப் போனார்கள். மழை பெய்தபோது நான் ஒரு பழைய பிளெக்ஸ் பேனரைக் கட்டிவிட்டேன். அவர் பெண்டாட்டி ராசாமணி வந்து அழுதாள், கையைப் பிடித்து இழுத்தாள், மகள்களைக் கூட்டிவந்து நிறுத்தினாள். பெண்டாட்டியை அவருக்குத் தெரிந்தது, மகள்களைத் தெரிந்தது, மரியாதையாக இரண்டு வார்த்தை பேசினார், பிறகு முனைப் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சோறு மட்டும் நாளைக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

இரண்டு மாசம் பார்த்துவிட்டு நான்தான் கோகிலாவுக்குப் போன் போட்டேன். மயில்சாமி முனையில் வந்து நிற்பதையெல்லாம், என் நெஞ்சில் இருந்த கோபம் முழுவதையும் வைத்துக்கொண்டு சொன்னேன். "ஒருக்கா வந்து உன்ற சாமானத்த எடுத்துட்டுப் போ. ஒரு குடும்பம் நாசமாப் போகுது."

"எதுல கொண்டுபோய் வெக்கறதுங்ணா?" என்றாள். "நாயி இங்க இல்லீங்க. ஒரு மாசம் வெச்சிருந்தேன். நான் வந்தா எந்திரிக்காது, போனா பாக்காது. எனக்குத் தெரியாத நாயிங்ணா அது. ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டேன்." குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அவரு... இன்னும் முனைக்கு வந்து நிக்கறாருங்களா?"

"நிக்கறாரு."

"போன அவரு காதுல வெய்யுங்ணா."

வைக்கக் கூடாது என்று தெரிந்தே வைத்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "பட்டாணி," என்றாள் அவள். "டேய் பட்டாணி. சாப்டியாடா?"

ஐம்பத்திரண்டு வயது மனுசனின் உடம்பு அடியிலிருந்து உச்சிவரை ஒரு தடவை நடுங்கியது. முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் எந்த மனுசனிடமும் பார்த்ததில்லை. குனிந்து, ராசாமணி கொண்டுவந்து வைத்திருந்த சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார், தட்டில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

இரண்டு வருடம் ஆகிறது. கோகிலா வரவில்லை, வரவும் மாட்டாள், அங்கே அவளுக்கு வேறு யாரும் இல்லை, இந்தப் போனை அவளால் விடவும் முடியவில்லை. ராசாமணி மூன்றாம் நம்பர் வீட்டுக்கே வாடகைக்குக் குடிவந்துவிட்டாள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மணி அடிக்கும். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, போனைப் புருஷன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு, அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை கை வலிக்க வலிக்க நிற்பாள். நேற்று டூட்டி அவசரத்தில் கோகிலா ஒரே ஒரு தடவை பெயரைச் சொல்லிவிட்டு வைக்கப் போனாள்.

"வெச்சுராத கண்ணு," என்றாள் ராசாமணி. "பாதிச் சோறு அப்படியே இருக்குது. இன்னொருக்கா கூப்புடு."